குன்மநோயும் காங்கேசன்துறையும்: காரணங் காணும் முயற்சியின் வரலாறு

ஒரு துறைமுகத்தின் பெயர் வயிற்று நோயொன்றின் கதையோடு பிணைந்திருத்தல் அரிது. காங்கேசன்துறை அத்தகையது. சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி குன்மநோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திக் கீரிமலைத் தீர்த்தத்திற் படிந்து நலம் பெற்றாள் என்பதும், அந்நன்றிக்கு மாவிட்டபுரத்திற் கந்தசுவாமி கோயில் எழுப்பினாள் என்பதும், அதற்கான காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை எனப் பெயர் பெற்றது என்பதும் ஐதிகம். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் அரசகுமாரியின் கதையைக் கூறும். மாவிட்டபுரம் என்ற பெயருக்குப் பொருள் கூறுவோர் குதிரை முகத்தையே பெரிதும் பேசுவர். குன்மமோ கதையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது. ஈண்டு எமக்கு வேண்டுவது அக்குன்மமே.

குன்மம் என்பதை இன்றைய இரைப்பை அழற்சியோடு முற்றாக ஒன்றெனக் கொள்ளல் தகாது. வயிற்றைப் பற்றிய பல நோய்களுக்கு அஃது ஒரு பொதுப்பெயர். சித்த மருத்துவ நூல்கள் அதனை எட்டாக வகுப்பன. எனினும் எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம் என்னும் பெயர்களை நோக்குவார்க்கு, எரிவும் நோவும் வாந்தியுமாக வெளிப்படும் இரைப்பை அழற்சி அவற்றினுள் அடங்கியிருந்தமை புலனாகும். செரியா உணவு, வேளை தவறிய ஊண், மிகுந்த சினம், ஓயாக் கவலை என்பன காரணங்களாகச் சொல்லப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை நோயாளியின் நடத்தையையே குற்றங் கூறுவன என்பது கவனிக்கற்பாலது.

யாழ்ப்பாணத்துப் பொதுவழக்கிலோ குற்றவாளி மிளகாய். உறைப்புக் கறி வயிற்றைப் புண்ணாக்கும் என்பர். ஆனால் மிளகாய் போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே, 16ஆம் நூற்றாண்டளவில், இந்நாடுகளை அடைந்தது. குன்மமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மருத்துவ நூல்களிலேயே பேசப்படுவது. மிளகை உண்டு வாழ்ந்த மக்களையும் வருத்திய நோய்க்கு மிளகாயை முதற்காரணமாக்குதல் வரலாற்றோடு பொருந்தாது. உறைப்பு எரிவைத் தூண்டலாம். நாட்பட்ட அழற்சியைத் தோற்றுவிப்பதற்கு வலுவான சான்றில்லை.

இரைப்பையின் உட்புறத்தை உயிருள்ள மனிதனிற் கண்டு எழுதும் வாய்ப்பு ஒரு விபத்தால் நேர்ந்தது. 1822இல் வட அமெரிக்காவின் மக்கினாக் தீவில் துப்பாக்கிச் சூடு பட்ட தொழிலாளி ஒருவனின் வயிற்றில் ஆறாத துவாரம் நிலைத்துவிட, வில்லியம் போமொன்ற் என்னும் மருத்துவர் அதனூடாக ஆண்டுக்கணக்காக நோக்கி 1833இல் நூல் வெளியிட்டார். மதுவருந்திய நாட்களிற் சீதமென்சவ்வு சிவந்து அழன்றிருந்ததையும், அவ்வேளையிலும் அம்மனிதன் பெரிதாக நோவு உணராததையும் அவர் குறித்தார். நோவும் அழற்சியும் எப்போதும் உடன்செல்வன அல்ல என்பது அன்றே தெரிந்த செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் பெயர்த்தார். அவர் 1873இல் நாடு திரும்பிய பின் அம்முயற்சி தளர்ந்தது நமது கல்வி வரலாற்றின் பேரிழப்புகளில் ஒன்று.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை மருத்துவமும் கவலையையே பெருங்காரணமாகக் கொண்டது. பழைய ஏடுகளின் கூற்று புதிய உடையில் வந்தது போலும். அமிலமும் மன அழுத்தமும் என்ற விளக்கம் நிலைபெற்றிருக்க, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன் 1979இல் அழன்ற இரைப்பைச் சவ்வில் வளைந்த பற்றீரியாக்களை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அமிலத்தில் எதுவும் வாழாது என்பதே அன்றைய நம்பிக்கை. பரி மார்ஷல் அவரோடு இணைந்தார். 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் வழக்கத்தினும் கூடிய நாட்கள் விடப்பட்ட தட்டுகளிலேயே அந்நுண்ணுயிர் வளர்ந்தது. 1984இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்தார். சில நாட்களிற் குமட்டலும் வாந்தியும் தோன்ற, அவரது இரைப்பையில் அழற்சி இருந்தமை இழையச் சோதனையில் உறுதியாயிற்று. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிக்கோபற்றர் பைலோரி என்பது இன்று அதன் பெயர்.

இக்கிருமி ஒன்றே காரணமன்று. நோவகற்றும் மாத்திரைகளை நெடுநாள் உண்ணல், மது, பித்தநீர் மேலேறல், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சவ்வையே தாக்கல் என்பனவும் உள. ஆயினும் கிருமியின் வழி வரலாற்று மாணவனுக்கு முக்கியமானது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே அது தொற்றுகின்றது. நெருக்கடியான குடியிருப்பும் சுகாதாரக் குறைவும் அதற்குத் துணைபோவன. அசுத்த நீரும் ஒரு வழியெனக் கருதப்படுகின்றது. ஒருவர் தம் சினத்தாலோ நாவின் சுவையாலோ தேடிக்கொண்ட நோய் என்பதினும், அவர் பிறந்த வீட்டின் நிலைமை தந்த நோய் என்பதே பல நோயாளர் விடயத்திற் பொருந்தும்.

ஐதிகம் தீர்வை நீரிடத்தே தேடியது. அந்நீரும் அக்கோயிலும் எல்லோர்க்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை. மாவிட்டபுரத்தில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் யாவரும் அறிந்தது. குடாநாட்டின் நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக ஓடுவது. மலக்குழியின் கழிவு அயற் கிணற்றை எளிதில் அடையும். 1990இல் காங்கேசன்துறையும் அயற் கிராமங்களும் வெறுமையாகிச் சீமெந்து ஆலையும் நின்றுபோக, அம்மக்களிற் பலர் பல்லாண்டுகள் நலன்புரி முகாம்களில், பொதுக் கிணற்றையும் பொது மலகூடத்தையும் பகிர்ந்து வாழ்ந்தனர். அங்கு வளர்ந்த பிள்ளைகள் இன்று நடுவயதினர். அவர்களின் வயிற்றெரிவுக்குக் காரணம் தேடும் மருத்துவர், ‘யோசனைப்படாதையுங்கோ’ என்று சொல்லி அனுப்புமுன், எந்த முகாமில், எந்தக் கிணற்றில் நீர் அள்ளினீர்கள் என்றும் கேட்கலாம்.