ஈயச் சிப்பாய்களும் அணுகுண்டும்

புதிதாக ஒரு சாமான் வாங்கினால் அதில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் புத்தம் புது பொம்மைக் காரை வாங்கி வந்து, அதன் பளபளப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, துருப்பிடித்த மாதிரி பெயின்ட் அடிக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்!

காருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் சின்னச் சின்ன மனித உருவங்கள். முகத்தில் நச்சுவாயு முகமூடி, கையில் டயரை வெட்டிச் செய்த கேடயம், உடம்பில் கிழிந்த கோட்டு. ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டி, இடிந்த கட்டடங்கள் வைத்த மேஜையில் நிறுத்தி, அடி அளந்து நகர்த்தி, பகடை உருட்டி விளையாடுவார்கள். அணு ஆயுதப் போரிலோ வேறு பேரழிவிலோ உலகம் நாசமான பிறகு மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் விளையாட்டே.

இப்படி ஒரு விபரீத ஆசை எங்கிருந்து வந்தது? பதிலைத் தேடிப் போனால் இருநூறு வருஷத்துக் கதை கிடைக்கிறது.

அரசரின் மேஜை

1812-ல் பிரஷ்ய நாட்டில் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டை உருவாக்கி அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்குக் காட்டினார். மேஜையே போர்க்களம். மலை, ஆறு, சாலை எல்லாம் அதில் இருந்தன. 1824-ல் பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தி, உண்மையான ராணுவ வரைபடத்தின் மேல் ஆடும்படி மாற்றினார். படைகளுக்குப் பதில் சிவப்பு, நீலக் கட்டைகள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். பிரஷ்ய ராணுவம் இதை அதிகாரிகளின் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது.

அதாவது, இன்றைக்குப் பொழுதுபோக்காக இருப்பது ஆரம்பத்தில் நிஜப் போருக்கான ஒத்திகை.

வீட்டுக்குள் வந்த வீரர்கள்

சாதாரண மக்கள் கைக்கு இது வர வேண்டுமானால் பொம்மை மலிவாக வேண்டும். அதைச் செய்தது லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம். அதுவரை பொம்மைச் சிப்பாய்களை உள்ளே முழுக்க ஈயமாகவே வார்த்தார்கள். எடையும் அதிகம், விலையும் அதிகம். 1893-ல் வில்லியம் பிரிட்டன் ஒரு புதிய வழியைக் கொண்டுவந்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். அச்சை ஒட்டிய பகுதி முதலில் இறுகிவிடும். நடுவில் இன்னும் இறுகாமல் இருப்பதை உடனே வெளியே ஊற்றிவிடலாம். உள்ளே வெற்றிடமாக ஒரு சிப்பாய் ரெடி! ஈயம் மிச்சம், விலையும் குறைவு.

அந்தச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி விளையாடியவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ். கால இயந்திரம், செவ்வாய்வாசிகளின் படையெடுப்பு என்று கதை எழுதிய அதே வெல்ஸ்தான். 1913-ல் அவர் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக் குச்சியைச் சுட்டு எதிரி வீரர்களை வீழ்த்தும் விளையாட்டு அது. அதற்கான விதிகள்தான் புத்தகம் முழுக்க.

ஆனால் வெல்ஸ் போர் வெறியர் இல்லை. புத்தகத்தின் முடிவில் அவர் சொல்லும் கருத்து நேர்மாறானது. பொம்மைப் போரில் யாருக்கும் காயம் இல்லை, எந்தத் தாயும் அழுவதில்லை. போர் ஆசை உள்ள தலைவர்களை ஓர் அறையில் இந்தப் பொம்மைகளோடு விட்டுவிடலாம். சில முறை ஆடிப் பார்த்தாலே நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம்.

யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே முதல் உலகப் போர் தொடங்கியது.

அதே பேனா, இன்னொரு புத்தகம்

இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. அதே 1914-ல், போர் தொடங்கும் முன்பே, வெல்ஸின் 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' என்ற நாவல் புத்தகமாக வந்தது. அணுவுக்குள் இருக்கும் சக்தியைக் குண்டாக மாற்றி நகரங்களை அழிக்கும் உலகப் போர் அதில் வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயரே 'அணுகுண்டு'தான். நிஜமான அணுகுண்டு வெடிக்க இன்னும் 31 வருஷம் இருந்தது! ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் லியோ சிலார்டு 1932-ல் இந்த நாவலைப் படித்தார். 1933-ல் லண்டனில் அணுக்கருத் தொடர்வினை என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. பின்னாளில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்திலும் அவர் பணியாற்றினார். ஜப்பான் மேல் குண்டு போடக் கூடாது என்று 1945-ல் மனு எழுதியவரும் அவரே. அதையும் யாரும் கேட்கவில்லை.

பொம்மைப் போரைப் பிரபலப்படுத்தியவரும், அணுகுண்டால் நகரங்கள் அழிவதை முன்கூட்டியே எழுதியவரும் ஒரே ஆள். இன்றைய மேஜையில் இந்த இரண்டும்தான் ஒன்றாக நிற்கின்றன.

பயம் விளையாட்டான காலம்

1974-ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. விளையாடுபவர் ஒரு படைக்குப் பதில் ஒரே ஒரு பாத்திரத்தை ஆட்டினார். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பொம்மை, அதற்கென்று தனி நிறம் என்று ஆனபோது வண்ணம் தீட்டுவதும் சூடுபிடித்தது. அதை வெளியிட்ட நிறுவனமே 1978-ல் 'காமா வேர்ல்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. பூமி அழிந்த பிறகு பிறந்த மனிதர்கள், பழைய இயந்திரங்களைக் கண்டெடுத்து, இது எதற்கு என்று தெரியாமல் விழிப்பார்கள்.

வெளியே பனிப்போர் உச்சத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் 'மேட் மேக்ஸ்' படம் 1979-லும் அதன் இரண்டாம் பாகம் 1981-லும் வந்தன. பெட்ரோலுக்காக அடித்துக்கொள்ளும் பாலைவனக் கும்பல், முள் வைத்த கார்கள் என்று பேரழிவுக்குப் பிந்தைய உலகத்துக்கு ஒரு தோற்றத்தையே அந்தப் படங்கள் கொடுத்துவிட்டன. 1984-ல் பிபிசி ஒளிபரப்பிய 'த்ரெட்ஸ்', ஷெஃபீல்டு நகரம் அணுகுண்டில் அழிவதைக் காட்டி இங்கிலாந்தை உலுக்கியது. அதே வருஷம் மூன்றாம் உலகப் போரில் சிக்கிய வீரர்களைப் பற்றிய 'டுவைலைட் 2000' விளையாட்டு கடைகளுக்கு வந்தது. 1988-ல் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ஆயுதம் பொருத்திய கார்களை வைத்து 'டார்க் ஃபியூச்சர்' வெளியிட்டது. செய்தித்தாளில் வந்த பயம் சீக்கிரமே மேஜைக்கும் வந்துவிட்டது.

பனிப்போர் முடிந்த பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. 2017-ல் மைக் ஹட்சின்சனின் 'கேஸ்லேண்ட்ஸ்' வந்தது. தனியாகப் பொம்மை வாங்கவே தேவையில்லை. வீட்டில் கிடக்கும் ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார்களே போதும். கம்ப்யூட்டர் விளையாட்டாக 1997-ல் தொடங்கிய 'ஃபால்அவுட்' 2018-ல் பொம்மைகளோடு மேஜைக்கு வந்தது.

விஷம் எங்கே இருந்தது?

உலகம் விஷமான கதையை ஆடிய இந்தப் பொம்மைகளே நீண்ட காலம் விஷ உலோகத்தில்தான் செய்யப்பட்டன. ஈயம் உடம்பில் சேர்ந்தால் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 1993-ல் நியூயார்க் மாநிலத்தில் ஈயத்துக்கு எதிரான சட்டம் இந்தப் பொம்மைகளையும் தொட்டது. தயாரிப்பாளர்களும் விளையாட்டுக்காரர்களும் எதிர்த்ததால் பிறகு விலக்கு கிடைத்தது. ஆனாலும் அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலானவை வெள்ளீயக் கலவைக்கு மாறிவிட்டன. விலை கூடியதுதான் மிச்சம் என்று அன்று புலம்பியவர்கள் உண்டு. பழைய ஈயப் பொம்மைகளில் சில சமயம் பூக்கும் வெள்ளைப் பொடி விஷம் என்பதைப் பார்த்தால், புலம்பலில் நியாயம் குறைவுதான்.

துரு பூசும் வித்தை

சரி, புதுக் காரைப் பழசாக்குவது எப்படி? முதலில் துரு நிறத்தில் பழுப்பு பெயின்ட். காய்ந்ததும் மேலே தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே. அதற்கு மேல் காரின் நிறத்தில் அக்ரிலிக் பெயின்ட். பிறகு தண்ணீர் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால், ஹேர் ஸ்பிரே கரைந்து மேல் பெயின்ட் அங்கங்கே உரியும். அடியில் துரு எட்டிப் பார்க்கும்!

மனித உருவங்களுக்கு வேறு வழி. பொம்மை மிகச் சிறியது என்பதால் அதன் மடிப்புகளில் நிழல் சரியாக விழாது. எனவே நீர்த்த கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தைப் பூசினால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகிவிடும். அடுத்து பிரஷ்ஷில் இருக்கும் பெயின்ட்டைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேலாக இழுத்தால் மேடுகள் மட்டும் வெளுக்கும். டாங்கி மாடல் செய்பவர்களிடையே இந்த முறைகளைப் பரப்பியதில் பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு.

விளையாடலாமா?

ஹிரோஷிமாவும் செர்னோபிலும் நிஜமாக நடந்த பூமியில், அழிவை வைத்து விளையாடுவது சரியா என்ற கேள்வி வரத்தான் செய்யும். நியாயமான கேள்வி. எரிந்த நகரத்தை அழகாக்கிக் காட்டினால் அதன் வலி மறந்துபோகலாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பிரஷ்ய அதிகாரிக்கு ஒரு கட்டை என்பது ஒரு படைப்பிரிவு. கட்டை போனால் நூற்றுக்கணக்கான பேர் போனார்கள், அவ்வளவுதான், யாருக்கும் முகம் இல்லை. இன்றைய ஆட்டக்காரரோ ஒரே ஒரு பொம்மையின் கண்ணுக்கு இரண்டு புள்ளி வைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மணிக்கணக்கில் வண்ணம் தீட்டிய அந்த ஆள் பகடையின் ஒரு உருட்டலில் விழும்போது அவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. பொம்மைக்கே அப்படி என்றால் நிஜ மனிதனுக்கு எப்படி வலிக்கும்? 1913-ல் வெல்ஸ் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.