மீட்டர் வேண்டாத மின்சாரம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், போன வருடத்துக்கு முந்தின கோடை வரை ஒரு நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்கியது. காலை ஆறு மணிக்கு மின் மீட்டரைப் பார்த்து அதில் எழுதுவேன். இரண்டு மாதக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பக்கத்தில் பென்சிலில் ஒரு கணிப்பு. ஓய்வு பெற்றாலும் குமாஸ்தா புத்தி போகாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரியில் எங்கள் வாத்தியார் இரண்டு சொற்களைக் குழப்பவே விடமாட்டார். 'ப்ரேவ்வார்' என்றால் முன்கூட்டிப் பார்ப்பது. 'ப்ரேதீர்' என்றால் முன்கூட்டிச் சொல்வது. பார்க்காமலே சொல்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்பார்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போன அதே 1954இல், அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் நியூயார்க்கில் பேசினார். நம் பிள்ளைகள் காலத்தில் மின்சாரம் மீட்டர் வைத்து அளக்கவே தேவையில்லாத அளவுக்கு மலிந்துவிடும் என்றார். அடுத்த வருடம் ஜெனீவா மாநாட்டில் நம் ஹோமி பாபா, அணுக்கரு இணைவு ஆற்றலை இருபது ஆண்டுகளில் வசப்படுத்திவிடலாம் என்றார். இரண்டும் இன்னும் நடக்கவில்லை. 1970இல் விக்ரம் சாராபாய் போட்ட பத்தாண்டுத் திட்டத்தில், 1980க்குள் 2,700 மெகாவாட் அணு மின்சாரம் என்று இருந்தது. 1980 வந்தபோது கல்பாக்கத்தில் இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்பாக்கம் முதல் உலை 1983 ஜூலையில் உயிர் பெற்றது. பிரதமர் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்போது எனக்குச் செங்கல்பட்டில் வேலை. "வாசலிலேயே உலை வந்தாச்சு, இனிமே கரண்டு சும்மாதான்" என்று டீக்கடையில் பேச்சு. நானும் நம்பி ஒரு கரண்டு அடுப்பு வாங்கிக்கொண்டு போனேன். "ரேஷன் கிருஷ்ணாயில மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதுதான் பலித்தது. அடுப்பு பரணுக்குப் போயிற்று.

உலையைக் குறை சொல்லவில்லை. இரண்டு உலையும் சேர்ந்து 440 மெகாவாட்தான். 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நம் வீட்டுக் கணக்கில் பெரிய கண்டம் 500 யூனிட். 2022க்கு முன் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட் 656 ரூபாய்! மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 2022 செப்டம்பர் 10இல் கட்டணம் உயர்ந்தது. 500க்கு 1,725, 501க்கு 1,958 என்றாயிற்று. பள்ளம் 233 ரூபாயாகக் குறைந்தது, ஆனால் இரு கரையும் உயர்ந்துவிட்டது. அதோடு, ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசி உயர்வு அளவுக்கோ 6 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவு ஏற்றலாம் என்றும் ஆணையம் விதி போட்டது. 2023இல் வந்த உயர்வை வீடுகளுக்காக அரசே ஏற்றது. 2024இல் 4.83 சதவீதம் நம் தலையில் விழுந்தது. 2025இல் மறுபடி வீடுகளுக்கு விலக்கு. இதில் எதை முன்கூட்டிப் பார்ப்பது?

அந்த 2024 மே மாதத்தைத்தான் சொல்ல வந்தேன். ராத்திரியிலும் சுவர் சுட்டது. என் கணிப்புப்படி 520 வரும். நோட்டில் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். 52ஆம் நாளிலிருந்து தினசரி யூனிட் குறைந்தது. நம் சிக்கனம் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். 57ஆம் நாள் விடியற்காலையில் மனைவி சமையலறையில் மயங்கி விழுந்தாள். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்து டிரிப் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். நான் தூங்கியதும் எழுந்து ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் தரையில் படுத்திருக்கிறாள். ராத்திரியில் எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. "அந்தச் சிவப்பு வட்டத்தைப் பாத்துக்கிட்டே எப்படிங்க ஏ.சி. போட்டுப் படுக்கிறது?" என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததை இங்கே எழுதவில்லை. 233க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

ரீடிங் எடுக்க வந்த தம்பி 497 என்று அட்டையில் எழுதிவிட்டு, "தப்பிச்சிட்டீங்க சார்" என்றார்.

ஆணியை அன்றே பிடுங்கிவிட்டேன். நோட்டு இப்போது என் மேசை இழுப்பறையில், பழைய பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு, அவள் கோலம் போட வாசலுக்குப் போகும் நேரத்தில் எழுதிக்கொள்கிறேன்.