குழந்தைப் பருவ முதுகெலும்புப் பக்கவளைவு

ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்புப் பக்கவளைவு, பின்னாலிருந்து பார்க்கையில் நேராகத் தெரிய வேண்டிய முதுகெலும்பு இடமோ வலமோ வளைந்து, வளையும்போதே தன் அச்சில் திருகிக்கொள்ளும் நிலையாகும். வளைவின் அளவை எக்ஸ்ரே படத்தில் கோடு கிழித்து அளக்கிறார்கள். நியூயார்க் மருத்துவர் ஜான் ராபர்ட் காப் 1948இல் விவரித்த இந்த முறைக்குக் காப் கோணம் என்று பெயர். 10 டிகிரியைத் தொட்டால்தான் அது பக்கவளைவாகக் கணக்கில் வரும். 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த அளவு வளைவு இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வப்போது பார்த்து வந்தாலே போதும். இக்கட்டுரை எஞ்சிய சிலரைப் பற்றியது: பத்து வயது நிரம்பும் முன்பே வளைவு தொடங்கியவர்கள், அல்லது வளைவு 50 டிகிரியைத் தாண்டி மேலும் ஏறிக்கொண்டிருப்பவர்கள்.

பெற்றோர் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தற்செயலாகத்தான். தலை பின்னும்போது ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருப்பது தெரியும். பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் ஏறி நிற்கும். குளிப்பாட்டும்போது ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு புடைத்துக் கைக்குத் தட்டுப்படும். பிள்ளையை நிற்க வைத்து, முழங்காலை மடக்காமல் இரு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொன்னால், திருகிய முள்ளெலும்புகளோடு சேர்ந்து விலா எலும்புகளும் திரும்பியிருப்பதால் முதுகின் ஒரு பக்கம் மேடாக எழும். 19ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளியிலோ வீட்டிலோ யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். சிறிய வளைவுகள் இருபாலரிடமும் ஏறக்குறைய சமமாகவே காணப்படுகின்றன. ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றுபவை பெண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம்.

காரணங்கள்

ஏறத்தாழ 80 விழுக்காடு வளைவுகளுக்கு இன்னதென்று காரணம் தெரியாது. மரபுக்கு ஒரு பங்கு உண்டு என்பது மட்டும் தெளிவு. சில குழந்தைகளுக்குக் கருவில் முதல் சில வாரங்களிலேயே ஒரு முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருக்கும், அல்லது இரண்டு முள்ளெலும்புகள் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன என்பதால், இக்குழந்தைகளுக்கு எக்கோவும் வயிற்று ஸ்கேனும் கட்டாயம் எடுக்க வேண்டும். மூளை முடக்குவாதம், டுஷேன் தசைச் சிதைவு, முதுகுத் தண்டுவடத் தசைச் செயலிழப்பு போன்ற நோய்களில் முதுகைத் தாங்கும் தசைகள் தளர்வதாலோ சீராக இயங்காததாலோ வளைவு வருகிறது. புத்தகப் பையின் பாரத்தால் பக்கவளைவு வருவதில்லை. கூனி உட்கார்ந்ததாலும் வருவதில்லை. கர்ப்ப காலத்தில் தாய் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்ற பேச்சுக்கும் அடிப்படை இல்லை. வளைவைவிட இந்தப் பழிச்சொல்லே பல தாய்மார்களை அதிகம் வாட்டுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நுரையீரலின் இடம்

பக்கவளைவு முதுகில் தெரிந்தாலும் அதன் ஆபத்து மார்புக்கூட்டில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் மார்பு முதுகெலும்பு சுமார் 11 சென்டிமீட்டர் நீளம். ஐந்து வயதில் அது 18 ஆகிறது. வளர்ந்த பெண்ணுக்கு 26, ஆணுக்கு 28. நுரையீரலின் காற்றுப் பைகள் பெருமளவில் பெருகுவதும் முதல் எட்டு ஆண்டுகளுக்குள்தான். இந்தக் காலத்தில் முதுகெலும்பு வளைந்து திருகினால் ஒரு பக்க விலாக்கள் நெருங்கிக்கொள்கின்றன, நுரையீரல் விரிய இடமில்லாமல் போகிறது. அப்போது உருவாகத் தவறிய காற்றுப் பைகளைப் பிற்காலத்தில் எந்த அறுவையும் கொண்டுவர முடியாது. 1992இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வொன்று, சிகிச்சை பெறாதவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்தது. சிறுவயதில் வளைவு தொடங்கியவர்கள் மூச்சுக் கோளாறால் மற்றவர்களைவிட முன்னதாக இறந்ததும், விடலைப் பருவத்தில் தொடங்கியவர்களிடம் அப்படிக் கூடுதல் இறப்பு இல்லாததும் அதில் தெரிந்தது. எனவே 'எத்தனை டிகிரி' என்ற கேள்வியோடு 'எந்த வயதில் தொடங்கியது' என்பதையும் கேட்டாக வேண்டும்.

மாவுக்கட்டும் பிரேஸும்

மிகச் சிறு குழந்தைகளில் வளர்ச்சியையே மருந்தாக்கலாம் என்று காட்டியவர் பிரிட்டனில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் மின் மேத்தா. குழந்தையை மயக்கத்தில் வைத்து, திருகலை மெல்ல எதிர்த்திசையில் திருப்பி, உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, சில மாதங்களுக்கொரு முறை மாற்றுவது அவர் முறை. 136 குழந்தைகளைப் பற்றி அவர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டு வயதுக்குள் தொடங்கினால் பலருக்கு வளைவு முற்றிலும் நிமிர்வதைக் காட்டியது. விடலைப் பிள்ளைகளுக்கு, முதுகை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் பிரேஸ் தரப்படுகிறது. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. அதிக மணி நேரம் அணிந்தவர்களுக்குப் பலனும் அதிகம். நம் ஊர் வெயிலில் சட்டைக்குள் நாள் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவது பிள்ளைக்கு லேசான காரியம் அல்ல என்பதைப் பெரியவர்கள் உணர வேண்டும்.

அறுவை வளர்ந்த வரலாறு

1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், காசநோயால் சிதைந்த முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் அறுவையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதைப் பக்கவளைவுக்கும் பயன்படுத்தினார். எலும்பு ஒட்டும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்கள். உலோகத்தின் துணை 1950களில் வந்தது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் போலியோவால் முதுகு சரிந்த பிள்ளைகள் நிறைந்திருந்த காலத்தில், பால் ஹாரிங்டன் இரு முனைகளில் கொக்கி மாட்டி நடுவில் எஃகு ராடால் நெம்பி நிமிர்த்தும் முறையைக் கண்டு 1962இல் வெளியிட்டார். உயிர்களைக் காத்த முறைதான். ஆனால் ராடு நேர்க்கோடாக இருந்ததால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடுப்பில் இருக்க வேண்டிய இயல்பான குழிவும் தட்டையாகிவிட்டது. அப்படி அறுவை செய்துகொண்ட பலர் நடுவயதில் நிமிர்ந்து நிற்கச் சிரமப்பட்டு மறு அறுவைக்கு வந்தார்கள். மெக்சிகோவின் எட்வர்டோ லூகே ஒவ்வொரு முள்ளெலும்பையும் கம்பியால் ராடோடு கட்டினார். 1980களில் பிரான்சின் கோட்ரெல், டுபுசே இருவரும் திருகலையும் சேர்த்துச் சரிசெய்ய முயன்றார்கள். 1990களில் சோல் நகரின் சுக் சே-இல் மார்பு முள்ளெலும்புகளிலும் ஸ்க்ரூ பொருத்திக் காட்டினார். இன்றைய அறுவை பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது.

அறுவை அரங்கில்

பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் நடுவில் கீறி, தசைகளை இருபுறமும் விலக்குகிறார்கள். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள எலும்புக் கழுத்து வழியே ஸ்க்ரூவை இறக்க வேண்டும். உள்பக்கம் தண்டுவடம், முன்பக்கம் பெருந்தமனி. திருகிய முதுகில் இந்தக் கழுத்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கணிப்பதுதான் சிரமம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வழக்கமான எக்ஸ்ரே உதவியோடு போட்ட ஸ்க்ரூக்களில் 23 விழுக்காடு எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன. கணினி வழிகாட்டுதலோடு போட்டவற்றில் அது 2 விழுக்காடு.

ஸ்க்ரூக்கள் அமைந்ததும், வேண்டிய வளைவுக்கு வளைத்த ராடுகளை அவற்றில் மாட்டி, முதுகெலும்பை மெல்ல அதன் பக்கம் இழுத்து, திருகலைப் பிரித்து, மேலே எலும்புத் துகள்களைப் பரப்புகிறார்கள். ராடு தற்காலிகத் தாங்கலே. நிரந்தரமாகத் தாங்கப்போவது அந்தத் துகள்களால் ஒன்றாகிவிடும் எலும்பு. நிமிர்த்தும் கணத்தில் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் குறையலாம். அதனால் மண்டையிலும் கால்களிலும் மின்முனைகள் பொருத்தி, நரம்புச் செய்தி தடையின்றிப் போகிறதா என்று அறுவை முழுவதும் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்த வசதி பரவுவதற்கு முன், 1973இல் பிரான்சில் விவரிக்கப்பட்ட முறையில், பாதி அறுவையில் மயக்கத்தைக் குறைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காலை அசைக்கச் சொல்வார்கள். கால் அசைந்த பிறகே மேற்கொண்டு வேலை நடக்கும். மின்சைகை குழம்பும்போது இன்றும் அந்தச் சோதனை கைகொடுக்கிறது.

சிறு குழந்தைக்கு எலும்பை ஒட்டிவிட்டால் மார்பு அதற்குமேல் வளராது. பின்புறம் மட்டும் ஒட்டினால் முன்புறம் வளர்ந்து முதுகு மீண்டும் திருகும். ஆகவே மேலும் கீழும் மட்டும் பிடித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டும் வளர் ராடுகள் வந்தன. ஒவ்வொரு கூடுதல் அறுவைக்கும் சிக்கலின் வாய்ப்பு 24 விழுக்காடு ஏறுவதாக 2010இல் வந்த ஆய்வு சொன்னது. ஹாங்காங் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட காந்த ராடுகளை உடம்புக்கு வெளியிலிருந்தே நீட்ட முடிந்தது. கத்தியும் மயக்கமும் குறைந்தன, ஆனால் உலோகத் தேய்மானம் புதிய கவலையாயிற்று. விலாக்கள் ஒட்டிப் பிறந்த குழந்தைகளுக்காக டெக்சாஸின் ராபர்ட் கேம்பல் உருவாக்கிய, விலாக்களையே விரித்துப் பிடிக்கும் டைட்டானியக் கருவிக்கு 2004இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முதுகின் கோணத்துக்கு முன்பாக நுரையீரலின் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற அவர் வாதம் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

100 டிகிரியைத் தாண்டியவர்கள்

கானாவைச் சேர்ந்த முதுகெலும்பு மருத்துவர் ஒஹெனெபா போவாச்சி-அட்ஜெய், நியூயார்க்கில் பணியாற்றிக்கொண்டே 1998இல் ஃபோகோஸ் அமைப்பைத் தொடங்கினார். 2012இல் அக்ராவில் அதன் மருத்துவமனை திறக்கப்பட்டது. எத்தியோப்பியாவில் பணிபுரியும் அமெரிக்க மருத்துவர் ரிக் ஹோட்ஸ் அனுப்பும் பிள்ளைகள் உட்பட, வேறெங்கும் காண்பதற்கரிய கடும் வளைவுகளோடு பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். அப்படிப்பட்ட முதுகை ஒரே நாளில் நிமிர்த்தினால் தண்டுவடம் தாங்காது. மண்டையோட்டில் ஊசித்திருகுகளால் ஒரு வளையத்தைப் பொருத்தி, அதிலிருந்து கயிறு கட்டி, எடையை நாளுக்கு நாள் கூட்டி, சில சமயம் உடல் எடையில் பாதி வரை, வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் நடை சட்டகத்திலும் இழுவை தொடர்கிறது. வளையத்தோடே பிள்ளைகள் நடக்கிறார்கள், படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். அறுவைக்கு முன்பே மூச்சுத்திறனும் உடல் எடையும் தேறிவிடுவது இதன் தனிப் பயன்.

வசதியுள்ள நாட்டிலும் காலம் கைநழுவுவது உண்டு. அயர்லாந்தில் 2017 தொடக்கத்தில் ஒளிபரப்பான ஆவணப்படம், அறுவைக்குக் காத்திருந்த பிள்ளைகளின் வளைவு காத்திருப்பிலேயே முற்றியதைக் காட்டியது. அந்த ஆண்டு இறுதிக்குள் எந்தப் பிள்ளையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்று சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ் உறுதியளித்தார். பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பட்டியல் தீரவில்லை. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது எளிய அறுவைக்கும் கடினமான அறுவைக்கும் இடையிலான தூரமாகிவிடலாம்.

அறுவைக்குப் பின்

முதல் சில நாள் வலி கடுமையாகவே இருக்கும். அதைப் பிள்ளையிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. ஓரிரு நாளில் உட்காரவும் நிற்கவும் வைக்கிறார்கள், ஒரு வாரத்துக்குள் வீடு திரும்புவோரே அதிகம், சில வாரங்களில் பள்ளி. நிமிர்ந்ததால் உயரம் சில சென்டிமீட்டர் கூடியிருக்கும். ஒல்லியான பிள்ளைகளுக்கு அதே நிமிர்வால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி ரத்தக்குழாய்களுக்கு இடையில் நசுங்கி வாந்தி வரலாம். விடாத வாந்தியை மருந்தின் விளைவு என்று தள்ளிவிடக் கூடாது. விடலைப் பிள்ளைகளில் நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கடும் வளைவுகளிலும் தசை நோய்களிலும் ஆபத்து கூடுதல். சக்கர நாற்காலியில் வாழும் பிள்ளைக்கு இந்த அறுவை நடையைத் தராது. கைகளை ஊன்றாமல் நேராக உட்காரவும், புண் இல்லாமல் இருக்கவும் உதவும். அந்தக் கைகள் சாப்பிடவும் எழுதவும் விடுபடுவதை வீட்டார் பெரும் மாற்றமாகவே சொல்கிறார்கள்.

பிரிட்டிஷ் அரச குடும்பத்து யூஜினி 2002இல் தம் 12ஆம் வயதில் லண்டனில் இந்த அறுவையைச் செய்துகொண்டார். 2018 அக்டோபரில் நடந்த திருமணத்தில், கழுத்திலிருந்து முதுகில் இறங்கும் தழும்பு தெரியும்படி உடை தைத்துக்கொண்டார். தழும்பை மறைக்கவே பழக்கப்பட்ட பெண்களுக்கு அந்தப் படம் பெரிய துணை. முதுகு ஒட்டப்பட்ட பெண்கள் கருவுறுவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் தடையில்லை. இடுப்பின் கீழ்வரை ஒட்டியிருந்தால் பிரசவத்தில் முதுகு ஊசி போடுவது சிரமமாகலாம் என்பதால், பழைய எக்ஸ்ரே படங்களையும் அறுவைக் குறிப்பையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும்.