இரண்டு அடுப்பு, ஒரே பந்தி



நம் ஹாஸ்டலில் இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தெர்மோடைனமிக்ஸ் எந்த செமஸ்டரில் வந்தது என்பது மறந்திருக்கும். வியாழக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் என்ன போடுவார்கள் என்பது மறந்திருக்காது. "மச்சான், இன்னிக்கு மெஸ்ஸுல என்னடா?" என்பதுதான் நான்கு வருடமும் நாம் அதிகம் கேட்ட கேள்வி.

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "கல்லூரி வரலாற்றைப் பெரியவர்கள் எழுதுகிறார்கள், நீ வேறு ஏதாவது எழுதப்பா" என்றார்கள். அதனால் மெஸ்ஸின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நம்ம மெஸ் மட்டும் இல்லை. இந்த நாட்டில் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி வந்தது என்ற கதை. நாம் சர்வசாதாரணமாக நினைக்கிற அந்த நீள பெஞ்சுக்குப் பின்னால் நூறு வருடச் சண்டை இருக்கிறது.

கதையைக் கல்கத்தாவில் தொடங்கலாம். அங்கே இந்து கல்லூரியில் 1826-ல் ஹென்றி டெரோஸியோ ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17. எதையும் கேள்வி கேள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் கொதித்துப்போய், 1831 ஏப்ரலில் அவரை வெளியேற வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கிருஷ்ணமோகன் பானர்ஜி வீட்டில் இல்லாத நேரத்தில் நண்பர்கள் அங்கே கூடினார்கள். மாட்டிறைச்சி சாப்பிட்டார்கள். அத்தோடு நிற்காமல் எலும்பைப் பக்கத்து பிராமணர் வீட்டுக்குள் எறிந்தார்கள். விளைவு? எறிந்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாக நேரவில்லை. கிருஷ்ணமோகன்தான் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார். மறு வருடம் அவர் கிறிஸ்தவரானார்.

அவர்கள் சாப்பிட்டதில் தப்பில்லை, அது அவரவர் விருப்பம். எலும்பை எறிந்ததுதான் பிரச்சினை. அடுத்தவன் நம்பிக்கையைக் குத்துவதற்காகச் சாப்பிட்டால் அது விருந்து ஆகாது. இது பந்தியைக் கெடுக்கும் ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு. அதைப் பார்க்க எண்பது வருடம் தாண்டி வர வேண்டும். ஊர் அதே கல்கத்தாதான். இந்து கல்லூரி அதற்குள் பிரசிடென்சி கல்லூரி ஆகிவிட்டது. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடைக்காரர் மகனாகப் பிறந்த மேகநாத் சாஹா 1911-ல் அங்கே சேர்ந்தார். சத்யேந்திரநாத் போஸ் அவருடைய வகுப்புத் தோழர். தங்கியது ஈடன் இந்து ஹாஸ்டலில். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் இவர் தங்களோடு உட்காரக் கூடாது என்று உயர்சாதி மாணவர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். 1920-ல் நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கணிக்க உதவும் சமன்பாட்டை உலகத்துக்குக் கொடுத்தவர் இவரேதான். சாஹா சமன்பாடு இல்லாமல் வானியற்பியல் புத்தகம் இல்லை. அப்பேர்ப்பட்டவருக்கு மெஸ்ஸில் இடம் இல்லை! அடுத்தவன் தட்டைத் தள்ளி வைப்பது, இதுதான் இரண்டாவது வழி.

இந்த நோய் வங்காளத்தில் மட்டும் இருக்கவில்லை. சென்னையில் பிராமணரல்லாத மாணவர்கள் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காமல் அலைந்த காலம் அது. டாக்டர் சி. நடேசனார் 1910-களில் திருவல்லிக்கேணியில் அவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். ஒரு வேளைச் சோறும் ஒரு பாயும் ஒரு மாணவனை எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்.

கேரளத்தில் ஒரு பட்டதாரி இளைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். பி.ஏ. முடித்திருந்த அய்யப்பன் 1917 மே மாதம் செறாயி என்ற ஊரில் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்து உணவு பரிமாறினார். மிஸ்ரபோஜனம் என்று அதற்குப் பெயர். சொந்த சாதிக்காரர்களே அவரை ஒதுக்கிவைத்து, "புலையன் அய்யப்பன்" என்று ஏளனம் செய்தார்கள். அவர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார். பின்னாளில் கேரளம் அவரை "சகோதரன் அய்யப்பன்" என்று அழைத்தது.

அடுத்தது நம்ம திருநெல்வேலிச் சீமை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922 கடைசியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். ஐயரைப் பழமைவாதி என்று சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகத் திரும்பியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தேசபக்தியும் தொழிலும் கற்றுத்தரும் பள்ளி என்று நம்பி எல்லாச் சாதியாரும் பணம் கொடுத்தார்கள். காங்கிரஸ் கமிட்டியும் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்தது.

அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிப்பந்தி என்று செய்தி வெளியே வந்தது. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயரின் பதில். டாக்டர் வரதராஜுலு நாயுடு எதிர்த்துக் கிளம்பினார். கமிட்டியின் செயலாளராக இருந்த ஈ.வெ.ரா. பாக்கிப் பணத்தைத் தர மறுத்தார். விவகாரம் காந்தியடிகள் வரை போனது. ஏற்கெனவே சேர்ந்த அந்த இரண்டு பேர் தனியே சாப்பிடட்டும், இனிமேல் சேருகிறவர்கள் எல்லோரோடும்தான் சாப்பிட வேண்டும் என்ற சமரசத்தை அவர் சொன்னார். அது எடுபடவில்லை. 1925-ல், தேசிய இயக்கத்தில் பங்குபெறும் எந்த நிறுவனத்திலும் பிறப்பை வைத்து ஏற்றத்தாழ்வு கூடாது என்று தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து தாமும் உயிரிழந்தார்.

இரண்டே இரண்டு பிள்ளைகளின் இலைதானே, இதற்கா இவ்வளவு பெரிய கலவரம் என்று தோன்றலாம். அந்த இரண்டு இலை மற்ற அத்தனை பிள்ளைகளுக்கும் தினம் மூன்று வேளை ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. "நீ கீழே" என்ற பாடம். காலையில் வகுப்பில் சமத்துவம் சொல்லிக்கொடுத்தாலும் மத்தியானம் பந்தி அதை அழித்துவிடும்.

அப்படியானால் பக்தியும் நம்பிக்கையும் மனிதனைப் பிரிக்கத்தான் செய்யுமா? இல்லவே இல்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசி என்று வருகிறவனிடம் அங்கே சாதி கேட்பதில்லை. அதுவும் நம்பிக்கைதான்.

1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும் 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் இந்த வேலையை ஊர் ஊராகச் செய்தன. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தட்டை ஏந்திப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் பிறகு பொறியியல் கல்லூரி ஹாஸ்டல்களுக்கு வந்தார்கள். நம் மெஸ்ஸில் யாரும் யாரிடமும் சாதி கேட்காமல் இட்லிக்குச் சண்டை போட முடிந்தது என்றால் அதற்கு அந்தத் தட்டுகளும் ஒரு காரணம்.

நம் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிகள் கறுப்பு வேட்டியில் வரிசையில் நிற்பார்கள். "சாமிக்கு முதல்ல போடுங்கண்ணே" என்று பின்னால் நிற்பவனே குரல் கொடுப்பான். ரம்ஜான் மாதத்தில் என் அறை நண்பன் நோன்பு. சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வரும் தூக்குவாளிக் கஞ்சி எங்கள் தளம் முழுவதற்கும் பங்கு. அவன் விடிகாலை சஹருக்கு எழ வேண்டும் என்று அலாரம் வைத்தது மாலை போட்டிருந்தவன். தவக்காலத்தில் கறி வேண்டாம் என்ற கிறிஸ்தவ நண்பனின் முட்டையும் கறியும் யாருக்கு என்று முன்கூட்டியே புக்கிங் நடக்கும். பரம்பரை சைவக்காரன் ஒருவன் எங்களுக்கு எதிரேதான் உட்காருவான். நாங்கள் கோழிக் காலைக் கடிப்போம், அவன் தயிர் சாதத்தைப் பிசைவான். யாரும் யாரையும் "ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்" என்று வற்புறுத்தியதில்லை, யாரும் எழுந்து வேறு மேஜைக்குப் போனதும் இல்லை. கல்கத்தாவில் 1831-லும் 1911-லும் தவறிப்போன இரண்டு விஷயங்களும் எங்கள் மேஜையில் சரியாக இருந்தன.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்கிறீர்களா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு மெஸ்ஸில் சைவத்துக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்தபின் எடுத்தார்கள். 2023-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆறு மேஜைகளைச் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். எதிர்ப்பாக அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். அதே ஆண்டு நம் மாநிலத்திலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில், பட்டியலினப் பெண் சமைக்கிற காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். ஆக, சேரன்மாதேவி இன்னும் முடிந்துவிடவில்லை.

அதனால்தான் இந்த மலரில் இதை எழுதுகிறேன். நம் சங்கம் ஹாஸ்டலுக்குப் புதிய உணவுக்கூடம் கட்டித்தர நிதி திரட்டுவது உங்களுக்குத் தெரியும். சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனிக் கூடமாகக் கட்டினால் என்ன என்று நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை வந்திருக்கிறது. சைவக்காரரின் சங்கடம் நியாயமானதுதான். மீன் பொரிக்கிற வாடை சிலருக்குக் குமட்டும், ஒரே கரண்டி என்றால் மனசு ஒப்பாது. ஆனால் அதற்கு மருந்து சுவர் இல்லை. ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன்: சமையலறை இரண்டு கட்டுவோம். பாத்திரம், கரண்டி, பரிமாறும் கவுண்டர் எல்லாம் தனித்தனியாகவே இருக்கட்டும். அசைவ அடுப்புக்கு மேல் நல்ல புகைபோக்கியும் எக்ஸாஸ்ட் மின்விசிறியும் போடுவோம். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வாசலும் ஒன்றுதான், கை கழுவும் குழாயும் ஒன்றுதான்.

வரைபடம் இறுதியாவதற்கு முன் பொதுக்குழுவில் இதைப் பேசுங்கள். இப்போது ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளும் வாயைத் திறந்து சொல்லுங்கள், சாப்பிடப் போவது நீங்கள்தானே. இரண்டு அடுப்பு எரியட்டும். பந்தி ஒன்றாகவே இருக்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!