நரிக்கு எந்தத் துப்பாக்கி?

சென்ற மார்கழியில் என் தமக்கை மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். ஏற்காட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான், அழைத்துப் போனேன். ஏரியில் படகு விட்டோம். சேர்வராயன் மலைக்கோவிலுக்குப் போனோம். மூன்றாம் நாள் கிளியூர் அருவிக்கு இறங்கினோம். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அந்த 300 அடி அருவிக்கு வாழ்வு. நாங்கள் போன அன்று அது ஏழை வீட்டு விளக்குத் திரியைப் போல மெலிந்திருந்தது.

பையன் அருவியைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த புதரைப் பார்த்தான்.

"மாமா, இங்கே என் ஸ்கோப் ஒன்றுக்கும் உதவாது" என்றான்.

அவன் டெக்ஸாஸ்வாசி. விடுமுறை நாட்களில் அண்டை வீட்டுக்காரரோடு கயோட்டி வேட்டைக்குப் போகிறவன். கயோட்டி என்பது நம் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவே நிற்கும் ஒரு பிராணி. அங்கே ஆட்டுக்குட்டிகளுக்கு எமன். சைவச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த பையனுக்கு இந்த வித்தை எப்படி வந்தது என்று என் தமக்கை இன்னும் வியந்துகொண்டிருக்கிறாள்.

திரும்பி ஏறும்போது விவரமாகச் சொன்னான். அங்கே வெட்டவெளி. கயோட்டி 200, 300 கஜத்துக்கு அப்பால் நிற்கும்; மனித வாடை பட்டால் மறைந்துவிடும். ஆகவே இலேசான குண்டை நொடிக்கு 3,000 அடிக்கு மேல் விரட்டும் ரைபிள் வேண்டும்; .223 அல்லது .22-250. அதை 200 கஜத்துக்குக் குறி பழக்கி வைத்துவிட்டால் குண்டு நடுவழியில் இரண்டு அங்குலம்கூட மேலே எழாது. கணக்குப் பார்க்காமல் சுடலாம். ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கியில்தான் பலர் ஏமாறுகிறார்களாம். பெரிதாகக் காட்டுவதே நல்லது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வையின் அகலம் சுருங்கும், வெளிச்சமும் குறையும். முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்றால், நான்கு மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 10 மில்லிமீட்டர். ஒன்பது மடங்கில் நாலரைகூட இல்லை. இருட்டில் மனிதக் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அந்தி மயங்கும் வேளையில் ஒன்பது மடங்கில் வைத்துக்கொண்டு பார்த்தால், பெரிய இருட்டு ஒன்றுதான் தெரியும்!

"நம் ஊரில் நரிக்கு எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார்கள்?" என்று கேட்டான்.

கேள்வி சிறியது. பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். நரிக்கும் காப்பிக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. ஜெர்டன் என்ற விலங்கியல் அறிஞர் 1867ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்: வயநாட்டிலும் இலங்கையிலும் நரிகள் பழுத்த காப்பிப் பழங்களைத் தின்னும்; கொட்டைகள் வெளியே வந்துவிடும்; கூலியாட்கள் அவற்றைப் பொறுக்குவார்கள்; அதுதான் உயர்ந்த காப்பி என்று பேச்சு. நல்ல பழமாகப் பார்த்துத் தின்னுகிற மேஸ்திரியைச் சுட்டுத் தள்ள எந்தத் தோட்டத்துரைக்கு மனம் வரும்?

துரைமார்களுக்கு நரியைச் சுடுவது கௌரவக் குறைவாகவும் இருந்தது. அந்நாளைய இங்கிலாந்தில் குழிநரியை நாய்களைக் கொண்டு துரத்த வேண்டுமே தவிர, சுடக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. அந்தச் சம்பிரதாயத்தை நீலகிரிக்கும் கொண்டு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உதகை வென்லாக் புல்வெளியில் சிவப்புக் கோட்டு அணிந்து, குதிரை ஏறி, சீமை நாய்களை ஏவி நம் நரியைத் துரத்தினார்கள். அவர்கள் துப்பாக்கி எடுத்ததெல்லாம் புலிக்கும் காட்டெருதுக்கும்தான்.

அந்தத் துப்பாக்கியையாவது இஷ்டப்படி தேர்ந்தெடுக்க முடிந்ததா? அதுவும் முழுக்க இல்லை. பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு .450 அங்குலக் குண்டு கலகக்காரர் கையில் சிக்கிவிடும் என்று பயந்து, 1907ஆம் ஆண்டு வாக்கில் அந்த அளவு ரைபிளையே இந்தியாவுக்குள் வரக் கூடாது என்று சர்க்கார் தடுத்துவிட்டது. லண்டன் கம்பெனிகள் தலையைச் சொறிந்துகொண்டு .465, .470 என்று புது அளவுகளை உண்டாக்கின. புலியின் தோல் தடிமனைப் பார்த்து வந்த அளவுகள் அல்ல அவை. சட்டப் புத்தகத்தைப் பார்த்து வந்தவை.

நம்மவர் கதை வேறு. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் வேண்டும் என்றது; வெள்ளைக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த வேற்றுமை நீங்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே மலையடிவாரத்தில் நரி பிடித்தவர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. வாழப்பாடிப் பக்கத்துக் கொட்டவாடி, சின்னமநாயக்கன்பாளையம் முதலிய ஊர்களில் பொங்கலையொட்டிக் காட்டில் வலை கட்டி வங்காநரியைப் பிடித்து வருவார்கள். பூஜை செய்து, காலில் கயிறு கட்டி ஊருக்குள் ஓடவிட்டு, பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம் அல்லவா? செத்த நரி முகத்தில் விழித்து என்ன பிரயோஜனம்? வனத்துறை இதைத் தடுத்து அபராதமும் விதித்து வருகிறது. நரியின் அபிப்பிராயத்தைக் கேட்டால் அதுவும் வனத்துறையின் கட்சியில்தான் சேரும்.

நரியைச் சுட்டே பிழைத்தவர்கள் நரிக்குறவர்கள். அவர்கள் துப்பாக்கி, வாய் வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. வெடியுப்பு முக்கால் பங்கு; மீதியில் கரியும் கந்தகமும். மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். ஒரு வெடி தீர்ந்தால் அடுத்த வெடிக்குள் நரி அடுத்த கிராமத்துக்குப் போய்விடும். முப்பது நாற்பது கஜத்துக்கு மேல் அந்த ரவையை நம்ப முடியாது.

இந்தக் குறையை அவர்கள் தொண்டையால் ஈடு செய்தார்கள். ஊளையிட்டால் எது நரி, எது மனிதன் என்று நரிக்கே தெரியாது. தூரத்தில் நிற்பதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு வருவது ஸ்கோப். நரியையே கிட்டே கொண்டு வருவது இவர்கள் குரல். டெக்ஸாஸில் இதற்குக் கடையில் ஊதுகுழல் விற்கிறார்களாம்.

கென்னத் ஆண்டர்சனும் இதே வழியில்தான் போனார். பெங்களூரிலிருந்து அந்நாளைய சேலம் ஜில்லாக் காடுகளுக்கு வந்து ஆட்கொல்லிகளைச் சுட்டு, அந்தக் கதைகளை 1954 முதல் புத்தகங்களாக எழுதியவர் அவர். அவருடைய ரைபிள் .405 வின்செஸ்டர். அதன் மேல் தொலைநோக்கி கிடையாது. குழலோடு ஒரு டார்ச் விளக்கு. இருபது கஜத்தில் புலியின் கண் மின்னும்போது, அதைப் பெரிதாக்கிப் பார்க்க யாருக்குத் தேவை? ஜவுளகிரியில் இணை தேடிக் கூவிய பெண்புலிக்கு ஆண்புலியின் குரலில் பதில் கொடுத்து வரவழைத்துச் சுட்டார். விஞ்ஞானமும் பணமும் உள்ளவர் கடைசியில் நரிக்குறவர் வித்தையைத்தான் நம்பினார்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிரைக் காக்க வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவனுக்கு உரிமம் தர இடம் வைத்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நரியைக் காத்தது, அது சரிதான். ஆனால் நரியால் பெயர் பெற்றவர்களின் பிழைப்பு அதோடு போயிற்று. கோடாரியும் மண்வெட்டியும் தரவில்லை, நிலம் தரவில்லை. ஊசிமணி பாசிமணியோடு பஸ் நிலையத்தில் உட்கார வைத்தோம். பழங்குடிகள் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது 2023ல். இடையே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் நாள், ஏரிக்கரையில் பாசிமணி விற்ற கிழவர் ஒருவரிடம் பையன் மெல்லப் பேச்சுக் கொடுத்தான். "தாத்தா, நரி மாதிரி ஊளை விடுவீங்களாமே?"

கிழவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்போ யாரும் அதைக் கேக்கறதில்லை, சாமி. போலீஸ்காரருதான் கேப்பாரு."

"எவ்வளவு தூரத்தில் நின்று சுடுவீங்க?"

"கூப்பிட்டா வந்துடும் சாமி. அப்புறம் என்ன தூரம்?"

உள்ளங்கையை வாயருகே குவித்து ஒரே ஒரு தடவை, அடிக்குரலில் ஊளையிட்டார். ஏரிக்கரைத் தெருநாய்கள் அத்தனையும் எழுந்து நின்று குரைக்க ஆரம்பித்தன. மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். பையன் ஐந்து பாசிமணி மாலைகள் வாங்கினான், பேரம் பேசவில்லை.