இரத்தக் கொதிப்பும் சர்ப்பகந்தி வேரும்

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், தலை கடுமையாக வலிக்கிறது என்று கூறி நினைவிழந்தார். மருத்துவர் அளந்தபோது இரத்த அழுத்தம் 300க்கு 190 எனக் காட்டியது. மூளையில் இரத்தம் பெருகி அன்றே அவர் மறைந்தார். அவருக்கு அழுத்தம் மிகுந்திருந்ததை மருத்துவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும், அதனைத் தணிக்க நம்பத்தக்க மருந்து அவர்கள் கையில் இல்லை. அழுத்தம் உயர்வது முதுமையின் இயல்பென்றும், அதைக் குறைப்பது தீங்கென்றும் கருதிய மருத்துவர்களும் அக்காலத்தில் இருந்தனர்.

இதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1931இல், கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை எழுதி வெளியிட்டிருந்தனர். பீகாரிலும் வங்காளத்திலும் அவ்வேர் பித்தர் மருந்து என்ற பெயரால் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தது. அதே 1931இல் டில்லியில் சித்திக்கி என்னும் பெயருடைய அறிஞர் இருவர் அவ்வேரிலிருந்து சில சத்துப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். எனினும் மேனாட்டு மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைத் திரும்பச் செய்தவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல். அவர் 50 நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்து, அழுத்தம் இறங்கியதை அளந்து, 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் ஏடொன்றில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவன ஆராய்ச்சியாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலின் என்ற பொருளை அது குறைத்துவிடுகிறது. அதனால் இரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்ந்து அழுத்தம் தணிகிறது.

மூலிகையில் பிறந்தது என்பதனால் ரெசர்பின் தீங்கற்றதாகிவிடவில்லை. மிகுந்த அளவில் உண்டவர் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர். 1958இல் குளோரோதயசைடு என்னும் நீர்ப்பெருக்கி மாத்திரை வந்தது. பின்னர் வேறு நல்ல மருந்துகளும் தோன்றவே, இன்று ரெசர்பின் அருகியே வழங்குகிறது.

எனினும் அதன் தலைசிறந்த தொண்டு 1967இல் வெளிப்பட்டது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில், அழுத்தத்தின் கீழளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரை டாக்டர் எட்வர்டு பிரைஸ் குழுவினர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு ரெசர்பினும் வேறிரு மருந்துகளும், மற்றவர்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் தரப்பட்டன. வெறும் மாத்திரை உண்டவருள் 27 பேர்க்குக் கடுங்கேடுகள் நேர்ந்தன. மருந்துண்டவருள் இருவர்க்கே நேர்ந்தன. கடுமையாக உயர்ந்த அழுத்தத்தைத் தணித்தால் உயிர் காக்கலாம் என்பது ஐயமற உறுதியாயிற்று.

இன்றும் உடல் நலமாகத் தோன்றியவுடன் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். இரத்தக் கொதிப்பு வலியால் தன்னை அறிவிப்பதன்று; அளந்தே அறியவேண்டுவது. சர்ப்பகந்தி வேரின் பயனும் அளந்த பின்னரே உலகுக்கு விளங்கிற்று. நோவில்லாமை ஒன்றே நோயில்லாமை ஆகாது.