தாயம் ஏன் செல்போனுக்குள் ஏறவில்லை?

நோக்கியா 3310 ஞாபகம் இருக்கிறதா? 2000ல் வந்த போன். அதிலிருந்த பாம்பு விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில் பன்டுமி என்று இன்னொன்றும் இருந்தது. பாதிப் பேர் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மூடியிருப்பார்கள். மேலே ஆறு குழி, கீழே ஆறு குழி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பெரிய குழி. ஒரு குழியில் இருப்பதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சேலம் பக்கத்துப் பாட்டி யாரிடமாவது நீட்டியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார், "இது பல்லாங்குழி தானே கண்ணு, பக்கத்துக்கு ஒரு குழி கொறையுது!"

பாட்டி சொல்வது பாதி சரி. பன்டுமிக்குள் இருந்தது கலா என்ற ஆட்டம். 1940ல் அமெரிக்காவில் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்பவர் உருவாக்கியது. பல்லாங்குழியின் ஆப்பிரிக்க, ஆசிய உறவுகள் எல்லாம் ஆயிரக்கணக்கான திண்ணைகளில் ஆயிரம் விதமாக ஆடப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் ஒரே ஒரு விதத்தைத் தாளில் எழுதி, காப்புரிமை வாங்கி, பெட்டியில் போட்டு விற்றார். கணிப்பொறிக்குள் போனதும் அதுதான். நான்கு முத்து சேர்ந்தால் "பசு" என்று எடுக்கும் நம் வழக்கமெல்லாம் அதில் கிடையாது.

இது தற்செயல் போலத் தெரியலாம். ஆனால் பலகை விளையாட்டுகள் எப்படிக் கணிப்பொறிக்குள் போயின என்ற வரலாற்றைப் பார்த்தால், திரும்பத் திரும்ப இதே கதைதான்.

கணிப்பொறி முதலில் விழுங்கிய பெரிய ஆட்டங்களில் ஒன்று பாதாள விளையாட்டு. விட்டலாச்சார்யா படம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சில வீரர்கள் குகைக்குள் இறங்குவார்கள், ஒவ்வொரு கதவாகத் திறப்பார்கள், உள்ளே ஒரு பூதம், அதை அடித்தால் புதையல், அடுத்த கதவு. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு மூலம். இதை நாலு பேர் ஆட வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒருவர் நடுவராக உட்கார வேண்டும். பூதத்துக்கு எவ்வளவு உயிர், வாள் பட்டால் எவ்வளவு குறையும், எல்லாம் புத்தகத்தில் அட்டவணையாக இருக்கும். நடுவரின் வேலை பாதி கதை சொல்வது, பாதி கணக்குப்பிள்ளை வேலை.

கணக்குப்பிள்ளை வேலையைக் கணிப்பொறி செய்யுமே என்று முதலில் யோசித்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்தான். 1975ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணிப்பொறியில் ரஸ்டி ரதர்ஃபோர்ட் ஒரு பாதாள விளையாட்டை எழுதினார். அந்தக் கணிப்பொறி பாடம் நடத்த வைத்திருந்தது. அதனால் பார்த்தவர்கள் சந்தேகப்படாத மாதிரி கோப்பின் பெயர் வெறும் "பெடிட்5". நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. மறுபடி வந்தது, மறுபடி அழித்தது. (கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் கேம் ஒளித்து வைத்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே ஒரு நிமிடம் மௌன மரியாதை செலுத்தலாம்.)

1980 வாக்கில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் ரோக் எழுதினார்கள். படமே கிடையாது. வீரன் என்றால் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த "அட்" குறி, பூதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகள். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெர்க்லியின் யூனிக்ஸ் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது.

பிறகு பலகைகளே நேரடியாகத் திரைக்கு வரத் தொடங்கின. 1989ல் பெட்டியில் வந்த ஹீரோகுவெஸ்ட் 1991ல் கணிப்பொறி விளையாட்டானது. 2017ல் ஐசக் சில்ட்ரஸ் வெளியிட்ட க்ளூம்ஹேவன் இந்த வகையில் ஒரு யானை. பெட்டி ஏறக்குறைய 10 கிலோ, உள்ளே 95 கட்டங்கள், பூதங்கள் எப்படி நகரும் என்று சொல்லத் தனிச் சீட்டுக்கட்டுகள். ஆடுவதற்கு முன் மேசையில் எடுத்து அடுக்குவதே ஒரு வேலை. 2021ல் அதன் கணிப்பொறி வடிவம் முழுமையாக வந்தபோது அந்த அடுக்கும் வேலை, கணக்கு வேலை எல்லாம் போய்விட்டது. ஆட்டம் மட்டும் மிச்சம்.

கவனிக்க வேண்டிய விஷயம், இவ்வளவு சிக்கலான ஆட்டம் கணிப்பொறிக்குப் போனதில் அடிப்படைத் தடை எதுவும் இல்லை. உழைப்பு வேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் விதி முழுக்க எழுதி வைத்திருக்கிறது. புத்தகம் எவ்வளவு தடிமன் என்பது கணிப்பொறிக்குப் பிரச்சனையே இல்லை. புத்தகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது தாயத்துக்கு வருவோம்.

சேலம், நாமக்கல் பக்கம் தாயம் ஆடப் பலகை வேண்டாம். சாக் ஹில்ஸில் மேக்னசைட் வெட்டுகிற ஊரில் கோடு போட வெள்ளைக் கல்லுக்கா பஞ்சம்? அதுவும் இல்லாவிட்டால் கரித்துண்டு. உருட்ட இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். அதுவும் இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. கட்டையின் நான்கு பக்கத்தில் 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமை விழுந்தால் 12. ஒன்றில் 1, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே வரும்.

பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. ஆக தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. லூடோவில் காய் வெளியே வர 6 விழ வேண்டும், அது ஆறில் ஒன்று. எதிராளி காய் எல்லாம் பாதி வழி போனபின்னும் ஒருவர் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அவஸ்தை வெறும் ராசி இல்லை, கட்டையின் கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதால் (16ல் 6 முறை), உள்ளே வந்தவர் ஒரே ஆட்டத்தில் தலைகீழாக்கிவிடலாம். காத்திருப்பும் பாய்ச்சலும்தான் தாயம்.

இதுவரை சொன்னது ஓரளவு எல்லா இடத்துக்கும் பொருந்தும். இதற்கு மேல் வீட்டுக்கு வீடு வேறு. ஒவ்வொரு காய்க்கும் தாயம் வேண்டுமா, முதல் காய்க்கு மட்டுமா? குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில் எதிராளி காய் கூடவே உட்காரலாமா? மூன்று முறை தொடர்ந்து 12 விழுந்தால் செல்லுமா? காய் எத்தனை, நாலா ஆறா? முக்கியமாக, ஒரு காயையாவது வெட்டாமல் உள் சுற்றில் ஏறிப் பழமாகலாமா?

"ஏனுங்க்கா, வெட்டாம உள்ள ஏறலாமுங்களா?"

"எங்கூட்ல ஏறக்கூடாதுங்க. உங்கூட்ல எப்படி?"

புதுசாக மருமகள் வந்த வீட்டில், விருந்தாளி வந்த வீட்டில், ஆட்டத்துக்கு முன் இந்தப் பேச்சு நடக்கும். சில சமயம் ஆட்டத்துக்கு நடுவிலும் நடக்கும், அப்போது கொஞ்சம் சத்தமாக :-). டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ஒரு நடுவர். தாயத்தில் சுற்றி உட்கார்ந்த எல்லோரும் நடுவர். எந்த விதி என்று பேசி முடிப்பதும் ஆட்டத்தில் சேர்ந்ததே. இதை எந்தப் புத்தகத்தைப் பார்த்து நிரல் எழுதுவது?

எனவே செல்பேசிக்கு வந்தது தாயம் இல்லை, அதன் வடநாட்டு உறவான பச்சீசி, அதுவும் இங்கிலாந்து போய்த் திரும்பிய பச்சீசி. அங்கே 1896ல் அதைச் சுருக்கி, சோழியை எடுத்துவிட்டு ஒரு கனசதுரப் பகடையைப் போட்டு, விதியை அச்சடித்து லூடோ என்று விற்றார்கள். அந்த லூடோவைத்தான் நவி மும்பையின் கேமேஷன் நிறுவனம் 2016ல் லூடோ கிங்காக வெளியிட்டது. 2020 ஊரடங்கில் அதன் சர்வர்கள் திணறும் அளவுக்குக் கூட்டம். பரணில் தாயக்கட்டை கிடந்த வீடுகளிலும் லூடோதான் ஓடியது. லூடோ கிங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியூரில் இருக்கும் அண்ணனோடு தங்கை ஆட முடிந்தது என்றால் அது சின்ன விஷயமா?

பரமபதத்துக்கும் இதே கதி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுவது. யோசித்தால் நம்மிடம் இருந்த பாதாள விளையாட்டு இதுதான், என்ன, கீழே இறங்குவதற்குப் பதில் மேலே ஏறுகிறோம். கட்டத்துக்குக் கட்டம் ஒரு உலகம், பாம்புகளுக்குப் பாவங்களின், அசுரர்களின் பெயர், உச்சியில் வைகுண்டம். இதன் வகையறா ஆட்டம் 1892ல் இங்கிலாந்தில் பாம்பும் ஏணியுமாக அச்சானது. அங்கேயும் ஆரம்பத்தில் நல்லது கெட்டது எழுதியிருந்தார்கள், போகப் போக அதுவும் போய் வெறும் எண்கள் நின்றன. இன்றைக்கு செல்பேசியில் வருவது 1 முதல் 100 வரை எண் போட்ட அந்தப் பலகைதான். கடித்த பாம்பின் பெயர் யாருக்கும் தெரியாது.

ஆடுபுலி ஆட்டம் கொஞ்சம் தப்பித்திருக்க வேண்டும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள், பகடையே இல்லை, முழுக்க மூளை. கணிப்பொறிக்கு மிகவும் பிடித்த வகை. அதன் நேபாள உறவான பாக்சால் (4 புலி, 20 ஆடு, 25 புள்ளிகள்) சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லிம் யூ ஜின் என்ற ஆய்வாளர் கைக்குப் போனது. யூர்க் நீவர்கெல்ட்டுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வின் முடிவு, இரு பக்கமும் தவறில்லாமல் ஆடினால் ஆட்டம் சமன். அதாவது புலி ஜெயித்தால் ஆட்டுக்காரர் எங்கோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம். நம்முடையதற்கும் இப்படி ஒரு கணக்குப் போடலாம்தான். ஆனால் அதற்கு முன் எத்தனை ஆடு போனால் தோல்வி என்று முடிவு செய்ய வேண்டும், அதுவும் ஊருக்கு ஊர் வேறு!

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் க்ரீடா 2000களின் தொடக்கத்திலிருந்து பழைய ஆட்டங்களைப் பெட்டியில் போட்டு, விதியும் அச்சிட்டுத் தருகிறது. ஆடுபுலி, தாயம் என்று செயலிகளும் செல்பேசிக் கடையில் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு விதிதான். எழுதியவர் வீட்டு விதியாக இருக்கும். வேறு வீட்டுக்காரர் இறக்கிப் பார்த்து, "இது தப்பாச்சே" என்று நீக்கிவிடுவார். அவருக்கு அது தப்புதான், எழுதியவருக்குச் சரிதான்.

இத்தனைக்கும் வழி பாதாள விளையாட்டுக்காரர்களிடமே இருக்கிறது. அவர்களும் புத்தகத்தை அப்படியே பின்பற்றுபவர்கள் இல்லை, "வீட்டு விதி" என்ற சொல்லே அவர்களிடம் புழங்குவதுதான். க்ளூம்ஹேவனின் கணிப்பொறி வடிவத்தில் வீட்டு விதிகளைத் தேர்ந்தெடுக்கவே ஒரு பட்டியல் உண்டு. தாயத்துக்கும் அப்படி ஒன்று செய்வதில் நுட்பச் சிக்கல் எதுவுமில்லை. முதல் உருட்டலுக்கு முன் நாலைந்து கேள்வி. காய் எத்தனை? எல்லாக் காய்க்கும் தாயமா? மூன்று பன்னிரண்டு செல்லுமா? வெட்டாமல் ஏறலாமா? இரண்டு பேரும் "சரி" அழுத்தினால்தான் கட்டை உருளும். அந்தப் பட்டியலில் என்னென்ன கேள்விகள் வர வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.